கோலாட்டத்தில் அக்கா நின்ற இடம்

அக்கா பெரியவளாகிவிட்டாள் என்று எனக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. அம்மா வந்து அவளுடைய கோலாட்டக் கோல்கள் இரண்டையும் என் கையில் திணித்து, "சாயங்காலம் பழகறதுக்கு நீ போ" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்புறம், அடுப்படியை ஒட்டி, மாமா தென்னங்கீற்றால் தட்டி கட்டிக்கொண்டிருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் நான், கையில் இரண்டு கோல்களோடு, பயத்தோடு.

அந்தப் பயம் என்னை விட்டுப் போனதே இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகும், நாலு பேர் முன்னால் எழுந்து ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தால், அது முதலில் எழுந்து நின்றுகொள்ளும். அன்று எனக்கு எட்டு வயது. நான் பயந்தாங்கொள்ளி என்பதை எங்கள் தோட்டத்து வரிசைவீடுகளில், லயத்தில், யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. மழை வருகிறது என்று சொல்வதைப்போலச் சொல்வார்கள். கடைக்கு உப்பு வாங்கப் போவேன். கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்பார். திரும்பி ஓடி வந்துவிடுவேன். பிறகு அக்கா போய் வாங்கி வருவாள். எனக்காகக் கேட்பது, எனக்காகப் பேசுவது, எனக்காகச் சண்டை போடுவது எல்லாம் அக்கா. அப்படிப்பட்ட அக்காவுக்காக நான் போய் ஒரு வட்டத்தில் நிற்க வேண்டுமாம்.

பாலோவிலிருந்து ரயில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சடக்கின் கடைசியில் எங்கள் தோட்டம். பால்மரம், அதற்குப் பின்னால் பால்மரம், அதற்கும் பின்னால் காடு. ரப்பர் என்கிற கித்தா விலை விழுந்த காலத்தில் பாதி லயம் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டது. விலை கொஞ்சம் நிமிர்ந்தபிறகும் போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. சாத்திய கதவுகள் லயம் நெடுக இருந்தன. அந்த வருஷம்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுத புதுக் கிராணி ஒருவர் மனைவியோடு வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். வேலையில்லாமல் உட்கார முடியாதவள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்துப் பெண் குழந்தைகளைக் கோலாட்டம் ஆட வைக்கிறேன் என்று புறப்பட்டுவிட்டாள். துரை பங்களாவிலிருந்து பழைய திரைச்சீலைகளைக் கேட்டு வாங்கி, கிழித்து, சாயம் தோய்த்து, நீள நீளமாகக் கயிறு திரித்தாள். எங்கள் லயம் அந்தச் சாயத்தின் நாற்றத்தில் பல நாள் கிடந்தது.

பழகும் இடம் ஆயாக் கொட்டகை. அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. அதன் உத்தரத்தில் தொட்டில் கட்டுகிற பெரிய கொக்கி ஒன்று உண்டு. சாயங்காலம் தாய்மார் குழந்தைகளை வாங்கிப் போனதும் தொட்டிலை அவிழ்த்துவிட்டு, அந்தக் கொக்கியில் கோலாட்டக் கயிறுகளை மாட்டுவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்கு இது பிடிக்கவே இல்லை. மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு, கொக்கியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பின்னல் கோலாட்டம் பார்க்கிறவர்களுக்கு எளிது. ஆளுக்கொரு கயிறு மேலிருந்து தொங்கும். நுனி இடது கைக் கோலில் கட்டியிருக்கும். வட்டமாக நின்று, ஒருத்தி விட்டு ஒருத்தி எதிரெதிர்த் திசையில் புறப்பட வேண்டும். எதிரே வருகிறவளை ஒருமுறை உட்பக்கமாகத் தாண்ட வேண்டும், அடுத்தவளை வெளிப்பக்கமாக. தாண்டும்போது கோலோடு கோல் தட்ட வேண்டும். ஆட ஆட மேலே கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஜடையாக இறங்கிவரும். பிறகு வந்த வழியே பின்னோக்கி ஆடினால் ஜடை அவிழும். யாராவது ஒருத்தி தப்பினால் சிக்கு விழும். அந்தச் சிக்கு தப்பியவளோடு நிற்காது. மேலே ஏறி எல்லாருடைய கயிற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். தப்பாதவர்களும் சேர்ந்துதான் பின்னால் நடக்க வேண்டும்.

இரட்டைப்படையில் ஆள் இல்லாவிட்டால் இந்த ஆட்டமே கிடையாது. அக்கா தட்டிக்குப் பின்னால் போனதும் ஒரு கயிறு ஆளில்லாமல் தொங்கியது. இன்னொருத்தியை ஆட்டத்திலிருந்து நிறுத்திச் சரிக்கட்டலாம் என்றால், அக்காவுக்கு ஜோடி, ஆள்களை வேலை வாங்கும் தண்டலின் மகள். தண்டல் மகளை யார் நிறுத்துவது? தோட்டத்தில் வேறு பெண் பிள்ளைகளும் இல்லை, எல்லாம் கப்பலேறியாகிவிட்டது. மிச்சமிருந்தது நான்.

"வயிறு வலிக்குதும்மா."

"ஆடினா சரியாப் போயிடும்."

"காலும் வலிக்குது."

"அதுவும் சரியாப் போயிடும்," என்றாள் அம்மா.

முதல் நாள் நான் ஆடவே இல்லை. அதுதான் நடந்தது. அக்கா நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மஞ்சள் கயிற்றை என் கோலில் கட்டினார்கள். தண்டல் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அலமாக்," என்று மலாய்க்காரிபோல வாயில் கை வைத்தாள். "இதையா அனுப்பியிருக்காங்க? கோலப் புடிடி. குழவிக்கல்லு மாதிரி நிக்காத."

கிராணியம்மா பாட ஆரம்பித்தாள். எல்லாரும் புறப்பட்டார்கள். என் கால்கள் மட்டும் எனக்குச் சொந்தமில்லாத இரண்டு பொருள்களாக மண்ணில் ஊன்றியிருந்தன. எனக்கு இடப்புறமிருந்து வந்தவள் என்மேல் மோதினாள். அவள்மேல் அடுத்தவள் மோதினாள். பாலோ ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நிற்கும்போது பெட்டிகள் ஒன்றை ஒன்று இடிக்குமே, அப்படி. மூலையில் ஆயா மட்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் காதுமடல் எரிந்தது.

"எல்லாருக்கும் மொத நாள்னு ஒண்ணு இருக்குடி," என்றாள் கிராணியம்மா. நல்லவள். ஆனால் தொங்கிய மஞ்சள் கயிற்றையும் என்னையும் அவள் கண் மாறி மாறிப் பார்த்தது. அந்தக் கண்ணுக்குள் அக்கா ஆடிக்கொண்டிருந்தாள். அது எனக்கே தெரிந்தது. அக்கா ஆடி நானும் பார்த்திருக்கிறேன். அவள் தரையில் நடக்கும்போது எங்களைப் போலத்தான் நடப்பாள். கோலை எடுத்துவிட்டால் அவளுக்கு எலும்பு ஒன்று குறைந்துவிடும். மற்றவர்கள் எண்ணி எண்ணித் தாண்டுகிற இடத்தை அவள் எங்கோ பார்த்துக்கொண்டு தாண்டுவாள்.

அன்று அந்தியில் கிராணியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்க பெரிய பொண்ணு விஷயமா வந்தேன்," என்றாள் அவள். "சடங்கு முடிஞ்சதும் திரும்ப அனுப்பி வைங்களேன். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கே."

கிராணி வீட்டு ஆள் ஒருத்தி அப்பாவுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். 'உங்க', 'வைங்களேன்' என்ற அந்த இரண்டு வார்த்தையிலேயே அப்பா பாதி கரைந்துபோனார். மீதிப் பாதி மட்டும் பேசியது.

"பெரியவளாயிட்ட புள்ளைங்கம்மா. ஊரு முன்னால எப்படி ஆட விடறது?"

"எங்க பக்கம் வயசுப் பொண்ணுங்கதான் ஆடுவாங்க. சாமி முன்னாடி ஆடறதுதானே. அதுல என்ன இருக்கு?"

அப்பா துண்டை முறுக்கினார். பிழிந்தார். அதில் ஈரமே இல்லை. "சின்னவ இருக்கா இல்லீங்களா, அவளே ஆடட்டும். அவளுக்கு வரவே வராதுன்னா, அப்பப் பாத்துக்கலாம்."

"வராதுன்னா பெரியவள அனுப்புவீங்களா?"

"வரவே வராதுன்னாத்தான். அனுப்பறேன்."

"வாக்கு குடுத்துட்டாரு மச்சான்," என்றார் மாமா உள்ளேயிருந்து, இரண்டு பக்கமும் சேராத ஒரு குரலில்.

அக்காவின் பக்கத்தில் காவலுக்கு இரும்பு வேண்டும் என்று அப்பாவின் பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்றை வைத்திருந்தார்கள். அதுவரை அவள் அந்தக் கத்தியால் மண்சட்டியைத் தாளமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வாக்குக் கொடுத்ததும் தாளம் நின்றது.

அந்தப் பேச்சில் எனக்குக் கேட்டது ஒன்றுதான்: வராவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள். எனக்கு வரவே வராது என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. ஆகவே நான் தப்பித்தேன். துள்ளிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, தட்டியில் கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே இருந்த சந்தில் வாயை வைத்தேன்.

"அக்கா, எனக்கு வராதுன்னு நாளைக்கே சொல்லிடறேன். நீயே போ."

சந்துக்குள் ஒரு கண் வந்தது. "நீ சொன்னா நம்ப மாட்டாங்கடி. ஆடிப் பாத்து வரலைன்னாத்தான் நம்புவாங்க."

"ஆடவே பயமா இருக்கே."

"நான் சொல்லித் தர்றேன்."

அது எப்படிப்பட்ட பேச்சு என்று அன்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. வராது என்று காட்டுவதற்காக ஆடக் கற்றுக்கொள்வது. அக்கா சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாள் வயிற்றுவலி என்று சொல்லிக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பின்கட்டில் எங்கள் பாடம் நடந்தது. அக்கா பாயில் முழங்காலிட்டு, ஒரு கையில் கத்தி, ஒரு கையில் கொட்டாங்கச்சி அகப்பையோடு, சந்து வழியாக ஆடிக் காட்டுவாள். நான் இந்தப் பக்கம் அவளுக்கு நேர் எதிரே கோல்களோடு நிற்பேன்.

"என்னப் பாத்து அப்படியே செய். நான் சாயற பக்கம் சாயி. நான் நீட்டற பக்கம் நீட்டு."

அப்படியே செய்தேன். உள்ளே, வெளியே, தட்டு. உள்ளே, வெளியே, தட்டு. முதலில் விறைத்த கால், ஒரே ஒரு கண் பார்க்க ஆடுகிறோம் என்று தெரிந்ததும் இளகியது. அந்தக் கண் சிரித்தால் சரி, இமைத்தால் தப்பு. அவ்வளவு சிறிய சபையில் யாருக்குப் பயம்?

"அங்க போனா திரும்ப பயம் வந்துடுமே அக்கா."

"நாக்குக்கு அடியில ஒரு கல்லு உப்ப வச்சுக்க. அது கரையற வரைக்கும் வாயப் பாத்துக்கிட்டிரு. கரையறதுக்குள்ள காலு தானா ஓடிடும்."

மறுபடி கொட்டகைக்குப் போனேன். உப்பு நாக்குக்கு அடியில். கிராணியம்மா பாடத் தொடங்கினாள். நான் வாயைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உப்பு மெல்ல இறங்கி வாயெல்லாம் கடலாக ஊறிக்கொண்டிருக்கும்போது, கால்கள் தாமாகக் கிளம்பின. என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி ஒரு நொடி இல்லை. சுற்றிலும் முகங்கள் இருந்தன. இருக்கட்டும் என்று விட்டேன். உடம்பு காற்றாக இருந்தது. கோலை நீட்டினேன், நெஞ்சை நிமிர்த்தினேன், எல்லாரும் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு நேர் மாறான பக்கம் போனேன்.

பயந்துகொண்டு தப்புகிறவள் மெதுவாகத் தப்புவாள். நான் தைரியமாகத் தப்பினேன். எனக்குப் பின்னால் போக வேண்டியவளின் நெற்றியில் என் கோல் விழுந்தது. சிவப்புக் கயிறும் மஞ்சள் கயிறும் பச்சையும் ஒன்றை ஒன்று கழுத்தைப் பிடித்தன. "பின்னாடி போ, பின்னாடி போ" என்று கிராணியம்மா கத்தினாள். பின்னாடி போவதிலும் என் பக்கம் மாறியிருந்தது. சிக்கு இறுகி, கொக்கி சாய்ந்து, ஆயா எழுந்து வந்துவிட்டாள்.

"என் தொட்டில் கொக்கிய வளைச்சுட்டாளுவ. நாளைக்குப் புள்ளைங்கள எங்க போடறது? உங்க தலையிலயா?"

பெஞ்சியின் மேல் ஏறி நின்று சிக்கை எடுக்க வெளிச்சம் போகும்வரை ஆயிற்று. கிராணியம்மா என் தலையைத் தடவினாள். "இன்னும் ஒரு தடவை பாக்கலாம். இல்லன்னா உங்க அப்பாகிட்டப் பேசி அக்காவையே வரச் சொல்லிடலாம். நீ கவலைப்படாதே."

நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. கேட்டது கிடைத்துவிட்டதே. ஆனால் உப்பு கரைந்துகொண்டிருந்த அந்த நொடி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. ஆடப் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று அழுத ஒன்றை இழக்கப் போகிறோம் என்று அழுதுகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்புறம் பலகைச் சுவர். சுவரை ஒட்டி லயத்துத் தண்ணீர்க் குழாய். அங்கே தண்டல் மகளும் மற்றவர்களும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"பீச்சாங்கை வருதுடி, வழி விடுங்க."

"எந்தக் கையால சோறு திங்குதோ."

"வீட்டுல போயி கேளு. அக்காக்காரி அப்படி, இது இப்படி. மாத்திப் பொறந்துடுச்சு."

பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். வேறு நாளாக இருந்தால் அவள் வெளியே வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். அன்று தட்டிக்குள்ளேயே இருந்தாள்.

நான் பின்கட்டில் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். "நீ சொன்ன மாதிரிதான் ஆடினேன்," என்றேன் தட்டியைப் பார்த்து.

"எந்தப் பக்கம் மொதல்ல போன?"

"நீ சாஞ்ச பக்கம்."

தட்டிக்குப் பின்னால் கத்தி பாயில் விழுந்தது.

"கிராணியம்மா அப்பாகிட்டப் பேசப் போறாங்களாம். நீயே போயிடு அக்கா. நான் இனிமே குழாய்க்குக்கூடப் போகமாட்டேன்."

அன்று அவளுக்குப் போன தட்டு அப்படியே திரும்பி வந்தது. உளுந்தங்களி, நல்லெண்ணெய் மிதக்க. "சூடு புடிச்சிருக்கும்," என்றாள் அம்மா.

மறுநாள் மத்தியானம் அம்மா ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். நான் அதே விறகுக் கட்டின் மேல். தட்டி அசைந்தது. கீற்றை ஒதுக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள்.

எனக்குப் பகீரென்றது. அவள் வெளியே வரக் கூடாது, வெயில் படக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. தலை விரிந்து, முகமெல்லாம் மஞ்சள் பூசி, வெளிச்சம் கூசக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேறு யாரோ போல நின்றாள்.

"உள்ள போக்கா. அம்மா வந்துடும்."

"சும்மா இரு. எந்திரி."

எதிரே நிற்கவில்லை. பக்கத்தில் வந்து, தோளோடு தோள் இடிக்க நின்றாள். இருவரும் ஒரே சுவரைப் பார்த்தோம். "இப்ப என்கூடப் போ. எதுத்தாப்புல பாக்காத." வலது காலை எடுத்து வைத்தாள். என் கால் பழக்கப்படி இடப்பக்கம் போனது. அவள் குனிந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "இந்தப் பக்கம். சோறு திங்கற கை இருக்கே, அந்தப் பக்கம்."

ரவிக்கையைக் கழற்றி உள்ளை வெளியாகத் திருப்புவதுபோல, நாலைந்து நாளாக நான் கற்றதெல்லாம் ஒரு இழுப்பில் திரும்பியது. கற்றது வீணாகவில்லை. அத்தனை அசைவும் அப்படியே இருந்தது, பக்கம் மட்டும் மாறி. அம்மியைச் சுற்றி, விறகுக் கட்டைச் சுற்றி ஆடினோம். எனக்கு எதிரே வருகிறவள் வேண்டுமே. அக்காவே ஓடிப்போய் எதிரே வந்தாள். என்னைத் தாண்டியதும் சுற்றிக்கொண்டு ஓடி அடுத்தவளாக வந்தாள். பிறகு அதற்கடுத்தவள். தண்டல் மகளாக வரும்போது உதட்டைச் சுழித்துக்கொண்டு வந்தாள். நான் சிரித்துத் தடுமாறினால், "சிரிக்காத, தட்டு" என்பாள். வட்டத்தின் அத்தனை பேரையும் அவள் ஒருத்தியே ஆடினாள். மூச்சு வாங்க, மஞ்சள் வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிய, அகப்பையும் கத்தியுமாக ஆடினாள்.

அம்மா ஈரத் துணியோடு வாசற்படியில் நின்றிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"அடிப் பாவி. தொட்டுட்டாளா உன்ன?"

என் தலையில் அண்டாத் தண்ணீர் அப்படியே கவிழ்ந்தது. அம்மா என்னைத் தேய்த்துக்கொண்டே அக்காவிடம் பேசினாள், தாழ்ந்த குரலில். "இவளுக்கு வந்துடுச்சுன்னா உங்கப்பா உன்ன விடமாட்டாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தண்ணி போதும்மா, அவளுக்கு நடுங்குது. பழகப் போகணும், நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு அக்கா கீற்றை ஒதுக்கி உள்ளே போனாள். அம்மா கையில் செம்போடு அப்படியே நின்றாள். எனக்குக் குளிர்ந்தது. என் கவலையெல்லாம் தலை துவட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓட வேண்டும் என்பதுதான்.

அன்று சரியாக வந்தது. உப்புகூட வைத்துக்கொள்ளவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு முகத்திலும் அக்கா செய்து காட்டிய சேட்டை தெரிந்தது. யாரைப் பார்த்தும் பயம் வரவில்லை. தண்டல் மகள் நிஜமாகவே உதட்டைச் சுழித்துக்கொண்டு வந்தபோது கோலை ஓங்கித் தட்டினேன். அவள் கோல் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே கயிறுகள் சிக்கில்லாமல் தொங்கின. கிராணியம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். "இனிமே அக்காவைத் தேட வேண்டாம். நீயே போதும்."

அதைச் சொல்லத்தான் அப்படி ஓடினேன். லயம் முழுக்க ஓடி, மூச்சிரைக்க, தட்டியின் சந்தில் வாயை வைத்து, "அக்கா, நீ வேண்டாமாம். நானே போதுமாம்," என்றேன்.

"சொன்னாங்களா?"

"ஆமா. கன்னத்தக்கூட கிள்ளினாங்க."

"நல்லதுடி," என்றாள் அக்கா. சந்தில் கண் வரவில்லை.

எதிரே நிற்கிறவளுக்கு வலம் இடமாகும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? கோலாட்டத்தில் யார் எந்தப் பக்கம் புறப்பட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். தெரியாமலும் இருந்திருக்கலாம். பதின்மூன்று வயது, இருட்டு மூலை, களியும் எண்ணெயும், முழங்காலில் நின்று ஆட்டம். யாருக்குத்தான் திசை புரியும்? பல வருஷம் இப்படியும் அப்படியும் போய்வந்திருக்கிறேன். தெரிந்தே செய்தாள் என்றால் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் தெரிந்தே செய்திருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். எனக்காக உப்பு வாங்கி, எனக்காகச் சண்டை போட்டவள், தனக்காக ஒரே ஒரு காரியமாவது செய்து பார்த்தாள் என்று இருக்கட்டுமே. குழாயடியில் என்னைப் பீச்சாங்கை என்று கூப்பிட்டது அவள் காதில் விழாமல் இருந்திருந்தால், அவள் அந்தத் திருவிழாவில் ஆடியிருப்பாள்.

கேட்டிருக்கலாம். சடங்கு முடிந்து அடுத்த தையிலேயே அவளை செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதே ரயில் பாதையில் தெற்கே கொஞ்சம் தூரம்தான். போயிருக்கிறேன், தங்கியிருக்கிறேன், அவள் பிள்ளைகளைத் தொட்டிலாட்டியிருக்கிறேன். கேள்வி அப்போது எனக்குள் இல்லை. கேள்வி வளர்ந்து வாய்க்கு வந்தபோது அவள் இல்லை. ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள்.

திருவிழாவன்று கோயில் முன்னால் கம்பம் நட்டு ஆடினோம். துரையும் துரைசாணியும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். பாலோ கடைத்தெரு ஆள்கள் வந்திருந்தார்கள். அப்பா கூட்டத்தின் முன்வரிசையில், புது வேட்டியில், பக்கத்திலிருப்பவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டிலிருந்தாள். அத்தனை கூட்டத்தில் அவள் எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். காலையில் எனக்குப் பவுடர் அப்பி, கன்னத்துக்குச் சிவப்பு வைத்து, அம்மாவின் சேலையைச் சுருட்டிக் கட்டிவிட்டது அவள்தான்.

ஆட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஓடினேன். அக்கா என்னை முக்காலியில் உட்கார வைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் முகத்துச் சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"தப்பலையே?"

"ஒரு எடத்துலகூட இல்ல."

"பின்னல் எது வரைக்கும் எறங்குச்சு?"

"தெரியலக்கா. ஆடறப்ப மேல பாக்கல."

"நல்லாத்தான் எறங்கியிருக்கும்," என்றாள். பிறகு, "யாரு உனக்கு அடுத்தாப்புல வந்தது? பாட்டு எந்த எடத்துல வேகம் எடுத்துச்சு? ஜனங்க என்ன சொன்னாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் காலை ஆட்டிக்கொண்டு, தெரிந்ததும் தெரியாததுமாகச் சொன்னேன். ஒன்றை இரண்டாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் பெரியவளாகிவிட்டதுபோல இருந்தது.

"எனக்கு இப்பப் பயமே இல்லக்கா. அடுத்த வருஷமும் நான்தான் ஆடப்போறேன். அதுக்கு அடுத்த வருஷமும். கிராணியம்மா சொல்லிட்டாங்க. அந்த எடம் எனக்குத்தானாம்."

துணி என் கன்னத்தில் நின்றது. கோயிலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்கோ பார்த்தாள்; பார்த்த இடத்தில் பலகைச் சுவர்தான் இருந்தது.

"ஆடு," என்றாள் கடைசியில்.

இவ்வளவு சின்ன ஒரு சொல்லுக்கு அவளுக்கு ஏன் அத்தனை நேரம் ஆயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. "எண்ணெ கண்ணுல எறங்குதுக்கா," என்றேன், "சீக்கிரம் தொடையேன்."